விந்தணு உருவாக எழுபது நாள்

உங்கள் இதயம் ஒருமுறை துடிப்பதற்குள் ஆணின் உடலில் சுமார் ஆயிரம் விந்தணுக்கள் உருவாகி முடிந்திருக்கும். பருவம் எய்திய நாளிலிருந்து முதுமை வரை ஓயாத உற்பத்தி இது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. தாய்ச்செல்லிலிருந்து பிரிந்து முழு வடிவம் பெற ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 70 நாள் ஆகிறது.

இந்த வேலைக்கு உடம்புச் சூடு ஆகாது. விரைகள் வயிற்றுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவது அதனால்தான். அங்கே வெப்பம் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவு. விரைக்கு இறங்கும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. குளிர்ந்து மேலேறும் ரத்தம், சூடாக இறங்கும் ரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! அந்தச் சிரைகள் வீங்கிப் புடைத்தால் குளிர்விப்பு கெடும். வெரிகோசீல் எனப்படும் இந்த வீக்கம், குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.

விந்தணுவின் நீளம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். பயணத்துக்கு உதவாத எல்லாவற்றையும் உதறிவிட்ட செல் அது. தலைக்குள் தந்தையின் 23 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றின் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டுவதற்கென்றே புரோட்டமின் என்ற தனிப் புரதம் உண்டு. தலை நுனியில் முட்டையின் உறையை ஊடுருவ உதவும் நொதிகள், கழுத்துக்குக் கீழே ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள், அதன் பின்னே வால்.

இத்தனையும் இருந்தும் விரையை விட்டு வெளிவரும்போது அதற்கு நீந்தத் தெரியாது! விரையை ஒட்டிச் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் குழாயை விரித்தால் ஒரு புடவை நீளம், சுமார் 6 மீட்டர் வரும். அதைக் கடக்கும் நாட்களில்தான் நீச்சல் கைகூடுகிறது. அப்போதும் முட்டைக்குள் நுழையும் தகுதி கிடைப்பதில்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் கழித்த பிறகே அது வாய்க்கிறது. 1951இல் எம். சி. சாங், சி. ஆர். ஆஸ்டின் ஆகிய இருவரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். சோதனைக் குழாய்க் குழந்தைக்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் இது முக்கியமானது.

விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘சரியான வடிவம் 4 சதவீதம்’ என்று பார்த்துப் பலர் கலங்கிவிடுகிறார்கள். கலங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் அளவே அதுதான். எண்ணிக்கையில் அந்த அளவு, மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். அதற்குக் குறைந்தாலும் தந்தையாக முடியாது என்று பொருளல்ல. இரண்டு மாதம் முன்பு வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். ஆகவே ஒரே அறிக்கையை வைத்து முடிவுகட்டக் கூடாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டீரோன் ஊசி உண்மையிலேயே ஆபத்தானது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருப்பதைக் கண்டு, விரைக்கு அனுப்பும் கட்டளையை மூளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடியோடு நிற்கலாம். ஊசியை விட்ட பிறகும் மீள மாதக்கணக்கில் ஆகும்.

குழந்தை தாமதமானால் நம் வீடுகளில் முதலில் மனைவியைத்தான் மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். ஆனால் ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் தரப்பிலும் காரணம் உண்டு. விந்துப் பரிசோதனை வலியோ ஊசியோ இல்லாத எளிய ஒன்று. கணவர்களே, மனைவியுடன் முதல் நாளே நீங்களும் செய்துகொள்ளுங்கள்.