ரெயில் பாதை மாறுவது போல இன்டர்நெட்டுக்கும் பாதை மாறும்!

ஊரில் உள்ள குடும்பத்துக்கு செல்போனில் பணம் அனுப்புகிறோம். கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தகவலுக்கு வழி காட்டுவது யார்?

இன்டர்நெட் ஒரு கம்பெனியின் சொத்து அல்ல. பல்லாயிரம் நெட்வொர்க்குகள் ஒன்றோடு ஒன்று இணைந்தது அது. "இன்ன முகவரிக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்குக்கு அறிவிக்கிறது. அது அடுத்ததற்குச் சொல்கிறது. இந்த முறைக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-ம் ஆண்டு வந்தது. அறிவிப்புகளைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவை ரூட்டர் என்னும் கருவிகள்.

தவறான அறிவிப்பு

அறிவிப்பு தவறானால் என்ன ஆகும்? 2008-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி நடந்ததைப் பாருங்கள். பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்க அங்குள்ள டெலிகாம் நிறுவனம் ஒரு பொய் வழியை அறிவித்தது. அது உள்நாட்டோடு நிற்க வேண்டியது. ஆனால் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்தது. அந்த நிறுவனம் அதைச் சரிபார்க்கவில்லை. சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை!

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி நடந்தது வேறு விதம். பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரே ஒரு கட்டளையால் அதன் உள் இணைப்புகள் எல்லாம் அறுந்தன. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் கோளாறு. முகவரி சொல்லும் கம்ப்யூட்டர்களுக்கான வழி அறிவிப்புகள் தாமாகவே வாபஸ் ஆகிவிட்டன. வாட்ஸ்அப்பும் சுமார் 6 மணி நேரம் நின்றது. நமக்கு அது இரவு 9 மணிக்கு மேல். வேலை முடிந்து ஊருக்குப் பேசும் நேரம்!

முதலில் திருப்பு, பிறகு நிறுத்து

தண்டவாளத்தில் வேலை என்றால் ரெயில்வேயில் என்ன செய்கிறோம்? முன்கூட்டியே அறிவிக்கிறோம். மாற்றுப்பாதையில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வண்டிகளைத் திருப்புகிறோம். லைன் காலியான பிறகே வேலை தொடங்குகிறது.

இங்கும் அதே முறைதான். வேலை நடக்கப்போகும் இணைப்பை "இது கடைசி வழி" என்று முதலில் அறிவிக்க வேண்டும். பழைய வழி அப்போதும் திறந்தே இருக்கும். போக்குவரத்து மெல்ல வேறு வழிக்குப் போய்விடும். பிறகு இணைப்பை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. இதற்கென்று 2018-ம் ஆண்டு ஒரு பொது விதியே வெளியிடப்பட்டது.

மாற்று வழி சுமையைத் தாங்குமா என்று பார்ப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் அங்கே நெரிசல். ஓர் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால், ஒவ்வொரு முறையும் புது அறிவிப்பு பறக்கும். ரூட்டர்கள் திணறும். அத்தகைய இணைப்பைச் சிறிது நேரம் ஒதுக்கி வைப்பதும் உண்டு.

அக்கம் பக்கத்து நெட்வொர்க்குகளுக்கும் பொறுப்பு உண்டு. வரும் அறிவிப்பை அப்படியே நம்பக்கூடாது. அந்த முகவரியை அறிவிக்க அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க இப்போது டிஜிட்டல் சான்று முறை இருக்கிறது. ஹாங்காங்கில் அன்று ஒருவர் சரிபார்த்திருந்தால், பாகிஸ்தானின் தடை பாகிஸ்தானோடு நின்றிருக்கும்.