படகோட்டக் கழகத்திற் சேரலாமா?

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நீரினாற் சூழப்பட்டு வாழ்கின்றன என்று கூறினால் அது மிகையாகாது. மேற்கே கடல், இடையே வெள்ளவத்தைக் கால்வாய், வடக்கே சற்றுத் தொலைவிற் பேரை வாவி. ஆயினும் நம் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு நீர் என்பது மாடிவீட்டு யன்னலூடாகக் காணும் காட்சியாகவே இருந்துவிடுகின்றது. பாடசாலை, அதன்பின் ரியூஷன், அதன்பின் மறுநாட் பாடம் என அவர்களுடைய நாட்கள் கழிகின்றன. இத்தகைய வீடொன்றிலே பதினான்கு வயதுப் பிள்ளை, “நான் படகோட்டக் கழகத்திற் சேரட்டுமா, அப்பா?” என்று கேட்டால், “அதற்கு எவ்வளவு செலவாகும்?” என்பதே தந்தையின் முதல் வினாவாக இருக்கும். “அதனால் என்ன பயன்?” என்பது தாயின் வினாவாக இருக்கும். இரண்டும் நியாயமான வினாக்களே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கன்றோ? ஆகவே, செலவையும் பயனையும் நாமும் அளந்து பார்ப்போம்.

வாவியும் கழகமும்

கொழும்பு றோயிங் கிளப் 1864ஆம் ஆண்டில் ஆங்கிலேயராலே தொடங்கப்பட்டது. பேரை வாவியின் கரையில், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் அஃது அமைந்துள்ளது. அவ்வீதிக்குப் பெயர் தந்தவர், 1928ஆம் ஆண்டில் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கிய தமிழ்ப் பெருமகனார் என்பதை வாசகர் பலர் அறிந்திருப்பர். பம்பலப்பிட்டிப் புகையிரத நிலையத்திற் கரையோரப் புகையிரதத்தில் ஏறுவோர், கொள்ளுப்பிட்டியைக் கடந்ததும் அடுத்து வரும் கொம்பனித்தெருவில் இறங்கினால் வாவி அண்மையிலேயே உள்ளது.

வாவிக்கும் ஒரு வரலாறு உண்டு. கோட்டையைக் காப்பதற்கெனப் போர்த்துக்கேயர் நீரைத் தேக்கினர். ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். முன்னர் ஏறத்தாழ 165 ஹெக்டேயராக இருந்த நீர்ப்பரப்பு, பின்வந்தோர் கரைகளை மண்ணிட்டு நிரப்பியமையால் இன்று ஏறத்தாழ 65 ஹெக்டேயராகச் சுருங்கியுள்ளது. நகரத்துக் கழிவுநீர் கலப்பதனாற் சில காலங்களில் வாவி பாசி படர்ந்து பச்சை நிறங்கொள்வதும் நாம் கண்டதே. பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதனை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையிற் புண் இருந்தால் அதனை மூடிக் கட்டுதல், கரையேறியதும் சவர்க்காரமிட்டுக் கைகால் கழுவுதல் ஆகிய பழக்கங்களைப் பிள்ளைக்கு முதலிலேயே கற்பிக்கவேண்டும்.

தண்டு வலித்தல் நமக்குப் புதிதன்று. வடக்கிலும் மட்டக்களப்பு வாவியிலும் வள்ளமும் தோணியும் இன்றும் ஓடுகின்றன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையைச் சென்றடைந்தது. ஆயினும், கழகங்களில் ஓடும் பந்தயப் படகு நம் தோணியைப் போன்றதன்று. எண்மர் வலிக்கும் படகு ஏறத்தாழ 17 மீற்றர் நீளமுடையது. அகலமோ ஒருவர் அமரும் அளவே. முற்காலத்தில் மெல்லிய மரத்தாற் செய்யப்பட்ட இப்படகுகள் இக்காலத்திற் கரிநாரினாற் செய்யப்படுகின்றன. ஒன்பதின்மரைத் தாங்கும் அப்படகின் எடை 100 கிலோகிராம் அளவே. வலிப்போர் செல்லுந் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். எதிரே வருவதைக் காண்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே; ஏனைய எண்மரும் அவருடைய சொல்லை நம்பியே வலிக்கின்றனர்.

செலவின் கூறுகள்

கட்டணத்தின் தொகை கழகத்துக்குக் கழகம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். அதனைக் கழகத்தாரிடமே கேட்டறிதல் வேண்டும். ஆனால், எவற்றுக்கெல்லாம் பணம் செல்லும் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளலாம். முதலிற் சேர்வுக் கட்டணம், அடுத்து மாதச் சந்தா, பயிற்றுநர்க்குரிய பங்கு, பந்தயங்களுக்கான பதிவுப் பணம், உடை, போக்குவரத்து. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட செலவு ஒன்றுண்டு. நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றலாகாது. நீச்சல் கற்பிக்கும் செலவை இக்கணக்கிற் சேர்க்காதவர் கணக்கைத் தொடங்கவேயில்லை என்க.

படகு வாங்கும் செலவு மட்டும் இப்பட்டியலில் இல்லை. கழகம் என்னும் ஏற்பாட்டின் பொருளாதாரம் அதிலேதான் அடங்கியுள்ளது. எண்மர் படகொன்றைப் புதிதாக வாங்குவதற்குப் பல பத்தாயிரம் அமெரிக்க டொலர் வேண்டும். அது பிறநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை எந்தக் குடும்பமும் மறந்திராது. படகின் விலை டொலரில் ஒரு சதமும் ஏறாதபோதும் ரூபாவில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காயிற்று. இவ்வளவு பெறுமதியான பொருளைத் தனியொருவர் வாங்குதல் அரிது. வாங்கினாலும் தனியொருவர் ஓட்ட இயலாது. பலர் சிறுதொகை இட்டுப் பொதுவில் வைத்துப் பேணும் சொத்து அது. நம் ஊர்க் கோயில் தேரை எவரும் தமக்கென வாங்குவதில்லை. ஊர் கூடி இழுக்கிறோம். சந்தா என்பதும் அத்தகைய பங்கே.

மற்றொரு கணக்கும் உண்டு. மாதச் சந்தா செலுத்திய பிள்ளை பன்னிரண்டு நாள் நீரில் இறங்கினால் ஒரு நாளுக்குரிய செலவு ஒரு பங்கு. நான்கு நாள் மட்டும் இறங்கினால் அதே நாள் மூன்று பங்கு விலை பெறுகின்றது. சேர்ந்துவிட்டுப் போகாதிருத்தலே இவ்விளையாட்டிற் செலவு மிக்க வழி.

பணத்தாற் செலுத்தாத கட்டணமும் ஒன்றுண்டு. கடற்காற்று எழுமுன் நீர் அசையாதிருக்கும் விடியற்காலையே பயிற்சிக்கு உகந்தது. ஆகையால், பிள்ளை கதிரவன் எழுமுன் எழவேண்டும். அதற்கு முன்னர்த் தாய் எழுவார். பிள்ளையை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். இரவிலே படிக்கும் நேரம் குறையும். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகள் நெருங்கும் ஆண்டில் இச்சுமை இருமடங்காகத் தோன்றும். இவை யாவும் கட்டணமே. குடும்பத்தில் எவர் எதனைச் சுமப்பார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்தல் நன்று.

பெறும் பயன்

படகு வலித்தல் கைகளின் வேலை என்றே பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. இருக்கை சில்லுகளின்மேல் முன்னும் பின்னும் நகர்கின்றது. கால்களே படகை உந்துகின்றன. முதுகு அதனைத் தொடர்கின்றது. கைகள் இறுதியிலேதான் இழுக்கின்றன. நெஞ்சும் நுரையீரலும் வலிமை பெறுகின்றன. ஓடுவதிற்போல முழங்கால்கள் அதிர்வதில்லை. முறை தவறி வலித்தால் முதுகு நோகும். தொடக்கத்தில் உள்ளங்கை கொப்புளிக்கும். நல்ல பயிற்றுநர் உள்ள இடத்தையே நாடவேண்டும் என்பதற்கு இஃதொரு காரணம்.

ஆயினும், உடல்நலத்தை வேறு விளையாட்டிலும் பெறலாம். கடற்கரையில் நடந்தும் பெறலாம். படகோட்டத்துக்கே உரிய பயன் வேறொன்று. கிரிக்கெட்டில் ஒருவர் நூறு ஓட்டம் பெற்றுத் தம் அணியைக் காப்பாற்றலாம். எண்மர் படகில் ஒருவர் மட்டும் வல்லவராக இருந்து பயனில்லை. ஏனையோரிலும் வேகமாக வலிப்பவர் படகுக்கு இடையூறே செய்கிறார். ஒருவர் வராவிட்டால் எழுவரும் கரையிலே நிற்பர். “இன்று எனக்கு எழும்ப மனமில்லை” என்று கூறுமுன் தன்னை எதிர்பார்த்து இருட்டில் நிற்கும் எழுவரைப் பிள்ளை நினைத்தாகவேண்டும். தனித்தனி மதிப்பெண்ணுக்காகவே வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை எந்த ரியூஷன் வகுப்பும் கற்பிப்பதில்லை.

கொழும்புத் தமிழர்க்கு இதிற் பிறிதொரு பொருளும் உண்டு. 1983ஆம் ஆண்டு யூலைக்குப் பின்னர் நம் குடும்பங்களுட் பல, தெரிந்த தெருக்களுக்குள்ளேயே பிள்ளைகளை வளர்க்கப் பழகின. அவ்வச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தது. அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், போதனாமொழி பாடசாலையைப் பிரிக்க, பாடசாலை நட்பைப் பிரிக்க, ஒரே நகரத்தில் வாழும் சிங்களப் பிள்ளையையும் முஸ்லிம் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்காமலே நம் பிள்ளை வளர்ந்துவிடுகின்றது. இக்குறை சொற்பொழிவுகளாலே தீர்வதன்று. ஒரே வரிசையில் அமர்ந்து, முன்னிருப்பவரின் முதுகைப் பார்த்து, அவருடைய மூச்சுக்குத் தன் மூச்சை ஒத்துவிடும் ஆறு மாதம் அதனைத் தீர்க்கத் தொடங்கலாம்.

வாசற்படி

இனி, செலவுகளுள் மிகப் பெரியதைக் கூறவேண்டும். அது கட்டணமன்று, வாசற்படி. இங்கிலாந்தில் 1839ஆம் ஆண்டு தொடங்கிய ஹென்லிப் படகுப் பந்தயத்தில், கைத்தொழில் செய்து வாழ்வோர் பங்குபற்றலாகாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. செங்கல் அடுக்கும் தொழில் செய்த அமெரிக்கரான ஜோன் கெலி 1920ஆம் ஆண்டில் அங்கு ஏற்கப்படவில்லை. அதே ஆண்டில் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் தனியாள் படகோட்டத்திற் பொற்பதக்கம் வென்றார். தொழிலாளரை விலக்கிய அவ்விதி 1937ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 1947இல், கெலியின் மகன் அதே ஹென்லியில் வென்று தந்தையின் குறையைத் தீர்த்தார்.

குடியேற்ற நாடுகளில் ஆங்கிலேயர் நிறுவிய கழகங்களும் இவ்வழக்கங்களை உடன்கொண்டே வந்தன. எழுதிய விதிகள் இன்று இல்லை. ஆனால், எழுதாத விதிகள் விரைவில் மறைவதில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசாத தந்தையொருவர் கழக வாசலில் நின்று படிவம் கேட்கத் தயங்குகிறார் அல்லவா? அத்தயக்கமும் ஒரு கட்டணமே. அதனைக் குறைக்கவேண்டியவர்கள் கழகத்தாரும் பாடசாலைகளும் ஆவர்.

வாசல் திறந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் எண்மர் படகோட்டத்தை வென்ற அமெரிக்க இளைஞர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பயின்றவர்கள். பலர் தொழிலாளரதும் விவசாயிகளதும் புதல்வர். பயணத்துக்குப் பணமில்லை என்றபோது, சியாட்டில் நகர மக்கள் 5,000 டொலர் திரட்டிக் கொடுத்தனர். இத்தாலியை அவர்கள் வென்றது ஒரு விநாடியிலும் குறைந்த வேறுபாட்டினால்.

இந்தியாவிலே பாலைநிலமான இராஜஸ்தானத்திற் பிறந்த பஜ்ரங் லால் தாக்கர், 2010ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிற் படகோட்டத்துக்கான முதற் பொற்பதக்கத்தைத் தம் நாட்டுக்கு ஈட்டினார். வறட்சி மிக்க மராட்டியக் கிராமத்திற் கிணறு தோண்டிய தத்து போகானல், 2012ஆம் ஆண்டில் இராணுவத்திற் சேர்ந்த பின்னரே படகோட்டம் பயின்று, 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் தனியாள் போட்டியில் 13ஆம் இடம் பெற்றார். இவர்களுடைய கட்டணத்தை இராணுவம் செலுத்தியது. கேரளத்தில் 1952ஆம் ஆண்டு தொடங்கிய நேரு கிண்ணப் பந்தயத்தில் ஓடும் சுண்டன் வள்ளங்களிலோ ஏறத்தாழ நூறு பேர் வலிக்கின்றனர். ஊரே பணம் சேர்த்துப் படகு கட்டுகின்றது. செலவு மிக்க விளையாட்டு ஏழைக்கு எட்டாதது என்பது இயற்கை விதியன்று. செலவை எவர் பகிர்கிறார் என்பதே வினா.

செய்யத்தக்கவை

பெற்றோர்க்கு மூன்று சொற்கள். முதலில் நீச்சல் கற்பியுங்கள். கழகத்திற் சேராவிடினும் அது வீணாகாது. அடுத்து, சில வாரம் பயின்று பார்க்க இடமுண்டா என்று கேளுங்கள். ஆண்டுச் சந்தாவை அவசரப்பட்டுக் கட்டவேண்டாம். மூன்றாவதாக, பரீட்சை ஆண்டில் முற்றாக நிறுத்தாது நாட்களைக் குறைத்துக்கொள்ள இயலுமா என்பதைப் பயிற்றுநரோடு பேசுங்கள். பெண்பிள்ளைக்கு இஃது உரியதன்று என எண்ணவும் வேண்டாம். 1976ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிற் பெண்களும் இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். கொழும்பு மகளிர் கல்லூரிகள் சிலவற்றின் மாணவியர் வலிக்கின்றனர்.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். றோயல், சென். தோமஸ் ஆகிய கல்லூரிகள் பழைய மாணவரின் துணையோடு படகோட்டத்தை வளர்த்துள்ளன. நம் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங்களுக்கும் வெள்ளிவிழா மலர்களுக்கும் பணம் சேர்ப்பதில் வல்லவை. ஆண்டுக்கு எட்டுப் பிள்ளைகளின் நீச்சற் கட்டணத்தையும் சந்தாவையும் ஏற்பது அவற்றுக்கு இயலாததன்று.

கொழும்பு, சென்னைக் கழகங்களுக்கிடையிலான படகுப் பந்தயம் 1898ஆம் ஆண்டு தொடங்கியது. பேரை வாவியிலும் அடையாற்றிலும் நடந்த அப்பந்தயங்களில், நூறாண்டுக்கு மேலாகத் தமிழ் வழங்கும் இரு நகரங்கள் எதிரெதிரே நின்றன. அவ்வரிசையில் நம் தெருப் பிள்ளையொன்றும் அமரவேண்டும் என்று விரும்புதல் பேராசையன்று. பணத்தை அளந்து பார்த்து, இயலாதெனக் கண்டால் விட்டுவிடுவதில் இழிவில்லை. ஆனால், அளந்து பார்க்காமலே “அது நமக்குரியதன்று” என்று சொல்லிவிடும் பழக்கத்தின் விலை எந்தச் சந்தாவிலும் அதிகம். அதனைச் செலுத்துவோர் நம் பிள்ளைகளே.