மதகு இல்லாத அணை

ஓர் அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மதகின் வழியே வினாடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது என்பது வேறொரு கேள்வி. இயற்பியலில் முன்னதைப் போன்றது ஆற்றல். பின்னதைப் போன்றது திறன். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு விளையாட்டுகூடக் கெட்டுவிடும். எப்படி என்று பார்ப்போம்.

1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்வார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, மற்றொருவர் ‘சையான்’, அதாவது மனோசக்தியால் போரிடுபவர். (மனோசக்தி வெறும் கற்பனை, அதற்கு அறிவியல் சான்று கிடையாது. ஆனால் கணக்கு உண்மையானது!)

2004-ஆம் ஆண்டு விதிகளின்படி, 10-ஆம் நிலையை அடைந்த சையானின் அடிப்படை இருப்பு நாளொன்றுக்கு 88 சக்திப் புள்ளிகள். அவர் எய்யும் மின்கதிர் இலக்கில் பட்டால், செலவிட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறுமுகப் பகடையை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட வேண்டும். 1 முதல் 6 வரையுள்ள எண்களின் சராசரி 3.5 அல்லவா? 88 புள்ளிகளையும் ஒரே அடியில் கொட்டினால் சராசரிச் சேதம் 308. எதிரி அங்கேயே வீழ்வான். மற்ற நண்பர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

இருப்பைப் பாதியாக்கினால் சரியாகுமா? ஆகாது. 44 புள்ளிகளிலும் ஒரே அடியில் 154 கிடைக்கும். அணையைச் சிறிதாக்கினோம், மதகு வைக்கவில்லை.

விதிநூல் வைத்த மதகு இதுதான்: தம் நிலை எண்ணுக்கு மேல் புள்ளிகளை ஒரே தாக்குதலில் செலவிடக் கூடாது. 10-ஆம் நிலைக்கு 10 புள்ளிகள்; சராசரி 35. ஒரு சுற்று என்பது கதையில் 6 வினாடி. எனவே 88 புள்ளிகளும் தீர 9 சுற்றுகள் வேண்டும். எல்லா அடிகளும் பட்டால் மொத்தச் சேதம் அதே 308 தான்! ஆற்றல் குறையவில்லை, திறனுக்கே வரம்பு. இடையில் நண்பர்களுக்கும் முறை வருகிறது.

ஆனால் நாளுக்கு ஒரே சண்டைதான் என்றால், சையான் சிக்கனமின்றி ஒவ்வொரு சுற்றிலும் வரம்பு வரை செலவிடலாம். பல சண்டைகள் காத்திருந்தால்தான் இருப்பைப் பகிர்ந்து வைப்பார். அதைக் கவனிப்பது ஆட்டத்தை நடத்துபவரின் பொறுப்பு.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள்: 5-ஆம் நிலை சையானின் இருப்பு 25 புள்ளிகள். மதகு இருந்தால் ஓர் அடியின் சராசரிச் சேதம் எவ்வளவு? இல்லாவிட்டால் எவ்வளவு?