கையிலுள்ள பற்றறிக்குப் பொருந்தும் காற்றூதியைத் தெரிவு செய்தல்

வன்னிப் பெருநிலப்பரப்பில் களத்து வேலைக்குக் காற்று இன்றியமையாதது. சோளகக் காற்று வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வலுவாக வீசும். ஆயின் காலபோக நெல்லின் அறுவடையும், மேட்டுநிலத்து உழுந்து, பயறு முதலியவற்றின் அடிப்பும் பெரும்பாலும் தை, மாசி, பங்குனி மாதங்களில் நடைபெறுகின்றன. அக்காலத்தில் காற்று ஓய்ந்து கிடக்கும் நாட்கள் பல. கமக்காரர் சுளகும் கையுமாகக் காத்திருக்க, இரவுப் பனியோ எதிர்பாராத மழையோ களத்தில் கிடக்கும் தானியத்தை நனைத்துவிடும். நனைந்த உழுந்து நிறம் கெட்டு விலை குறையும்.

இக்குறையை ஓரளவு நீக்கவல்லது பற்றறியால் இயங்கும் காற்றூதி. கடைகளில் இது புளோவர் என்று வழங்கப்படும். மேல்நாடுகளில் முற்றத்து இலைச்சருகுகளை ஒதுக்குவதற்கென ஆக்கப்பட்ட இக்கருவி, நமது கமத்தில் வேறு பல வேலைகளுக்கு உதவும். ஆனால் ஆராயாது வாங்குவோர் கருவியுடன் புதிய பற்றறிக்கும் புதிய மின்னேற்றிக்கும் பணம் செலுத்த நேரிடும். முழுச் செலவில் பெரும்பங்கு பற்றறிக்கே உரியது. 2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னியில் வீடுகள் மீளக் கட்டப்பட்ட காலந்தொட்டு, துளைக்கருவி, அரைகருவி, வாள் முதலிய பற்றறிக் கருவிகள் பல குடும்பங்களிடம் இருந்து வருகின்றன. அவற்றின் பற்றறியையே காற்றூதிக்கும் பயன்படுத்தக்கூடுமாயின் செலவு வெகுவாகக் குறையும். அதற்குக் கவனிக்க வேண்டியவை கீழே விளக்கப்படுகின்றன.

காற்றூதியின் பயன்கள்

உழுந்து, பயறு, கௌபி, எள்ளு, நிலக்கடலை ஆகியவற்றைச் சிறு அளவில் தூற்றலாம். விதைக்கென ஒதுக்கிய நெல்லிலிருந்து பதரையும் தூசியையும் நீக்கலாம். உலரவைத்த மிளகாயிலும் வெங்காயத்திலும் கலந்துள்ள சருகையும் தோலையும் அகற்றலாம். சூடடிக்குமுன் சீமெந்துக் களத்தைத் துப்புரவு செய்யலாம்.

இவற்றினும் முக்கியமான பயன் ஒன்றுண்டு. அறுவடை இயந்திரம் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குச் செல்லும்போது, அதனுள் தங்கிய நெல்மணிகளும் உடன் செல்கின்றன. 1990களில் இலங்கை வயல்களில் கவனத்துக்கு வந்த களைநெல், கலப்பு விதைநெல்லாலும் இவ்வாறான இயந்திரங்களாலும் பரவுகிறது. களைநெல் பயிர்நெல்லின் இனத்தைச் சேர்ந்ததாகலின், பயிருக்குத் தீங்கின்றி அதனை மட்டும் கொல்லும் களைநாசினியைக் காண்பது அரிது. இயந்திரம் வயலில் இறங்குமுன் அதன் வெட்டும் பகுதி, கதிர் செல்லும் வழி, தானியத் தொட்டி ஆகியவற்றைக் காற்றூதியால் ஊதித் துப்புரவாக்குதல் வருமுன் காக்கும் வழியாகும். உழவு இயந்திரத்தின் நீர்குளிர்த்தியில் அடைந்த வைக்கோற் தூசியையும் இவ்வாறே நீக்கலாம். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊதுதல் வேண்டும்.

உவோற்றளவை அறிதல்

இக்காலக் கருவிகளின் பற்றறி இலிதியம் அயன் வகையைச் சேர்ந்தது. இவ்வகை 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒரு கலத்தின் பெயரளவு பெரும்பாலும் 3.6 உவோற்று. ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 உவோற்று ஆகும். அதே ஐந்து கலங்களும் முழுதாக மின்னேறியவுடன் ஏறக்குறைய 20 முதல் 21 உவோற்று வரை காட்டும். ஆகவே சில நிறுவனங்கள் 18 உவோற்று என்றும், சில நிறுவனங்கள் 20 உவோற்று என்றும் அச்சிடுகின்றன. இரண்டும் வலுவில் ஒன்றே. 20 என்னும் எண்ணைக் கண்டு அதிக வலுவென எண்ணி அதிக விலை கொடுத்தல் வீண். அவ்வாறே 36 உவோற்று என்பதும் உச்சம் 40 உவோற்று என்பதும் பத்துக் கலத் தொடரையே குறிக்கும்.

பொருத்தத்தை அறிதல்

உவோற்றளவு ஒத்திருந்தால் மட்டும் பற்றறி பொருந்திவிடாது. பற்றறி வழுக்கிச் செல்லும் தண்டவாளத்தின் அமைப்பும், மின்முனைகளின் இடமும், உள்ளிருக்கும் காப்புச் சுற்றும் நிறுவனந்தோறும் வேறுபடும். ஒரே நிறுவனத்திலும் இரு வகைகள் இருத்தல் உண்டு. பொஷ் நிறுவனத்தின் நீலநிறத் தொழிற்கருவிகளுக்குரிய 18 உவோற்றுப் பற்றறி, அதே நிறுவனத்தின் பச்சைநிற வீட்டுத்தோட்டக் கருவிகளுக்குப் பொருந்தாது. மகிட்டா நிறுவனத்தின் 18 உவோற்று எல்.எக்ஸ்.ரீ. வகைப் பற்றறி, அந்நிறுவனத்தின் 40 உவோற்று எக்ஸ்.ஜீ.ரீ. வகைக் கருவியில் ஏறாது. இதற்கு மாறாக, ஜேர்மனியில் 2018ஆம் ஆண்டில் மெற்றாபோ நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே பற்றறியைப் பல நிறுவனங்களின் கருவிகளுக்குப் பயன்படுத்தும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஆகவே பெயரையும் நிறத்தையும் மட்டும் நம்பாது பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. வீட்டிலுள்ள பற்றறியின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து, உவோற்றளவு, அம்பியர் மணி, வகை எண் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுதல்.

2. கடைக்குப் பற்றறியையே கொண்டுசென்று, கருவியில் பொருத்தி, குறைந்த வேகத்திலும் முழு வேகத்திலும் இயக்கிப் பார்த்தல்.

3. கருவி சில நொடிகளில் தானாக நின்றுவிடுமாயின், அப்பற்றறி அதன் மின்னோட்டத்தைத் தாங்கவில்லை என்று கொள்ளுதல்.

4. பற்றறியும் மின்னேற்றியும் இன்றிக் கருவியின் உடலை மட்டும் என்ன விலைக்குத் தருவர் எனக் கேட்டறிதல்.

5. உத்தரவாதமும் உதிரிப்பாகமும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிடைக்குமா என விசாரித்தல்.

எவ்வளவு நேரம் இயங்கும்?

உவோற்றளவை அம்பியர் மணியாற் பெருக்கினால் உவாற்று மணி கிடைக்கும். அதுவே பற்றறியில் அடங்கிய மின்சக்தி. அதனைக் கருவி இழுக்கும் உவாற்றால் வகுத்து 60ஆற் பெருக்கினால் இயங்கும் நிமிடங்கள் கிடைக்கும். முழு வேகத்தில் 300 உவாற்று இழுக்கும் 18 உவோற்றுக் காற்றூதியை உதாரணமாகக் கொள்ளலாம்.

2 அம்பியர் மணிப் பற்றறி: 36 உவாற்று மணி, ஏறக்குறைய 7 நிமிடம்.
4 அம்பியர் மணிப் பற்றறி: 72 உவாற்று மணி; ஏறக்குறைய 14 நிமிடம்.
5 அம்பியர் மணிப் பற்றறி: 90 உவாற்று மணி, 18 நிமிடம்.
6 அம்பியர் மணிப் பற்றறி: 108 உவாற்று மணி, ஏறக்குறைய 22 நிமிடம்.

இவை ஏட்டுக் கணக்கு. பழைய பற்றறியில் நேரம் இன்னும் குறையும். மேலும், 300 உவாற்றுக்கு 18 உவோற்றில் ஏறக்குறைய 17 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். 2 அம்பியர் மணிச் சிறு பற்றறியில் பெரும்பாலும் ஒரே ஒரு கலவரிசை இருப்பதால், அவ்வரிசையே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும். 4 அம்பியர் மணிக்கு மேற்பட்ட பற்றறிகளில் இரு வரிசைகள் இருப்பின் சுமை இரண்டாகப் பகிரப்படும். துளைக்கருவி விட்டுவிட்டு இயங்குவது. காற்றூதியோ இடைவிடாது இயங்குவது. ஆதலால் துளைக்கருவிக்குப் போதிய சிறு பற்றறி காற்றூதிக்குப் போதாமற் போதல் இயல்பு.

ஆயினும் தூற்றுதற்கு முழு வேகம் தேவையில்லை. விசிறியின் வேகத்தைக் குறைக்கும்போது காற்றின் அளவு அதே விகிதத்திற் குறைய, இழுக்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிக்கேற்பக் குறையும். வேகம் பத்தில் ஏழு பங்கானால், சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். முழு வேகத்தில் 18 நிமிடம் இயங்கும் பற்றறி, அவ்வேகத்தில் முக்கால் மணித்தியாலமளவு இயங்கக்கூடும். எனவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையுள்ள கருவியையே தெரிவு செய்தல் வேண்டும். முழு வேகத்தில் மட்டும் இயங்கும் கருவி தூற்றுதற்கு உதவாது.

காற்றின் அளவும் வேகமும்

காற்றூதிகள் இருவகை. ஒன்று, பட்டறையில் தூசி தட்டுதற்கான சிறு வகை. ஒடுங்கிய வாயால் குறைந்த அளவு காற்றை மிக வேகமாக ஊதும். மற்றையது, நீண்ட அகன்ற குழாயுடைய தோட்ட வகை. அதிக அளவு காற்றைத் தரும். இயந்திரத் துப்புரவுக்கு முதல் வகையும், தூற்றுதற்கும் களம் கூட்டுதற்கும் இரண்டாம் வகையும் ஏற்றவை. தோட்ட வகையிலும் குழாய் வாயில் காற்று நொடிக்கு 40 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளிவரக்கூடும். அது மணித்தியாலத்துக்கு 144 கிலோமீற்றர் ஆகும். இவ்வேகம் நல்ல மணியையும் அள்ளிச் செல்லும்.

ஆகையால் குழாயின் கூர்முனையைக் கழற்றி, இரண்டு மூன்று மீற்றர் தொலைவில் கருவியை நிறுத்தி, குறைந்த வேகத்தில் இயக்கி, ஆளுயரத்திலிருந்து சுளகினால் தானியத்தைச் சீராகச் சொரிதல் வேண்டும். இயற்கைக் காற்று சிறிதளவேனும் வீசுமாயின், அது வீசும் திசையிலேயே ஊதுதல் வேண்டும். முதற் சுளகு நெல் முடிந்ததும் பதரில் ஒரு பிடியை எடுத்து நீரில் இட்டுப் பார்க்கலாம். முற்றிய மணி நீரில் அமிழும். அமிழும் மணிகள் பல இருப்பின் வேகத்தை மேலும் குறைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகள்

கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் உறவினர் கருவிகளைக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய மின்னேற்றிகள் இலங்கையின் 230 உவோற்று மின்சாரத்தில் இயங்கும். கனடாவின் மின்னேற்றிகள் பெரும்பாலும் 120 உவோற்றுக்கென ஆக்கப்பட்டவை. அவற்றை இங்குள்ள மின்செருகியில் நேரே இணைத்தால் எரிந்துவிடும். கனடாவிலிருந்து கருவியின் உடலை மட்டும் வரவழைத்து, அதற்குரிய மின்னேற்றியை இங்கே பெறுதல் நன்று.

விமானத்தில் உதிரி இலிதியம் பற்றறிகளைக் கைப்பொதியிலேயே கொண்டுவரல் வேண்டும். 100 உவாற்று மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 160க்கு மேற்பட்டவை பயணப்பொதிகளில் ஏற்கப்படா. 18 உவோற்று 5 அம்பியர் மணிப் பற்றறி இவ்வெல்லைக்குள் அடங்கும். 6 அம்பியர் மணிப் பற்றறிக்கு அனுமதி பெறல் வேண்டும். உறவினருக்கு எழுதும்போதே இதனை அறிவித்தல் வேண்டும்.

செய்யத் தகாதவை

பூச்சிநாசினி தெளிக்கும் முதுகுக்கருவிகள் பலவற்றில் 12 உவோற்று ஈய அமிலப் பற்றறி உள்ளது. அதனைக் காற்றூதிக்கு இணைத்தலும், அதன் மின்னேற்றியால் இலிதியம் பற்றறிக்கு மின்னேற்றுதலும் கூடாது. இலிதியம் பற்றறி அளவுக்கு மிஞ்சி மின்னேறினால் தீப்பற்றும். அத்தீயை அணைத்தல் எளிதன்று.

ஒரு நிறுவனத்தின் பற்றறியை மற்றொன்றின் கருவிக்கு இணைக்கும் மாற்றுப் பொருத்திகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் சில, பற்றறியின் காப்புச் சுற்றுக்கும் கருவிக்குமிடையேயுள்ள தொடர்பைத் துண்டித்துவிடும். பற்றறி அளவுக்கு மிஞ்சி வடிந்து கெடுவதும் சூடேறுவதும் இதனால் நிகழும். அதிக மின்னோட்டம் இழுக்கும் காற்றூதிக்கு இவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

நாசினித் தூளை ஊதுதற்கும், சாம்பலோ தணலோ உள்ள இடத்திலும் காற்றூதியைப் பயன்படுத்தலாகாது. ஊதும்போது கண்ணாடியும் மூக்குக்கவசமும் அணிதல் வேண்டும். நெல்லின் சுணையும் தூசியும் கண்ணையும் சுவாசப்பையையும் வருத்தும்.

பற்றறியைப் பேணுதல்

பற்றறிக்கு வெயில் பெரும் பகை. வரம்பிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ வெயிலில் விடலாகாது. வேலை முடிந்த சூட்டோடு மின்னேற்றாது, நிழலில் ஆறவிட்டுப் பின்னர் மின்னேற்றுதல் வேண்டும். மின்னேற்றும் இடத்தில் வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய் ஆகியன இருத்தலாகாது. போகம் முடிந்து பல மாதம் வைப்பதாயின், இலிதியம் பற்றறியைப் பாதியளவு மின்னேற்றிக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். தெளிகருவியின் ஈய அமிலப் பற்றறியையோ முழுதாக மின்னேற்றி வைத்தல் வேண்டும். இரண்டின் இயல்பும் ஒன்றுக்கொன்று மாறானவை.

யாருக்கு ஏற்றது?

பல ஏக்கர் நெல்லை ஒரே நாளில் தூற்றுதற்குக் கைக்காற்றூதி ஈடுகொடாது. அதற்கு உழவு இயந்திரத்தால் இயங்கும் தூற்றும் விசிறியே உகந்தது. அறுவடை இயந்திரத்தால் வெட்டிய நெல்லை விற்பனைக்கு மீண்டும் தூற்ற வேண்டிய தேவையும் குறைவு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உழுந்து, பயறு செய்வோருக்கும், தமக்குரிய விதைநெல்லைத் தாமே துப்புரவு செய்வோருக்கும், 4 அம்பியர் மணிக்குக் குறையாத பற்றறியை ஏற்கெனவே வைத்திருப்போருக்கும் இது பயன் தரும். பற்றறி எதுவும் இல்லாதோர், வாங்குமுன் தமது பிற வேலைகளுக்கும் சேர்த்து ஒரே வகையைத் தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று. அயலவர் இருவர் மூவர் ஒரே வகைப் பற்றறியை வைத்திருப்பின், களத்து நாளில் ஒருவருக்கொருவர் மாற்றி உதவலாம். ஒரு காற்றூதியே மூன்று குடும்பங்களுக்கும் போதுமானதாகும்.