சின்ன அடிதான், அண்ணி

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனுக்குச் சின்ன அடிதான்."

சிங்கப்பூரிலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் அடி சின்னதில்லை என்று புதுக்கோட்டைப் பக்கம் எல்லா வீட்டுக்கும் தெரியும். சின்ன அடியாக இருந்தால் அண்ணனே பேசியிருப்பாரே. ரூம்மேட் பேசுகிறார் என்றால் அண்ணன் ஐசியூவில் இருக்கிறார், இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று வீடு அழுதுகொண்டே கேட்கும். அந்த அழுகைக்கு நடுவே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள், கேட்க மனசு வராவிட்டாலும்: "எங்கே போகும்போது அடிபட்டது? யாருடைய வண்டி?"

அடுத்த ஒரு வருடத்துக்கு அந்தக் குடும்பத்தின் கதி பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து டார்மிட்டரிக்குத் திரும்பும்போதோ விபத்து நடந்தால், சிங்கப்பூர்ச் சட்டம் அதை வேலையில் பட்ட காயமாகவே எடுத்துக்கொள்ளும். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு ரோட்டைக் கடக்கும்போது கார் மோதினால் அது வேலைக் காயம் ஆகாது. பொதுப் பேருந்தில் வேலைக்குப் போகும்போது நடந்தாலும் பொதுவாக ஆகாது. தொடை எலும்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் முறியும். காசு மட்டும் வேறு வழியில் வரும்.

'கம்பெனி வண்டி' என்றால் வேன் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் லாரிதான். பின்தட்டில் மேலே ஒரு கூரை, பக்கவாட்டில் கம்பி, கீழே தரை. அந்தத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்து போவார்கள். பெல்ட் என்று ஒன்று கிடையாது. 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஒரு லாரி, நின்றிருந்த டிப்பர் மீது மோதியது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. லாரியில் ஆள் ஏற்றுவது நிற்கவில்லை. சரக்குக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு வண்டி என்றால் செலவு கட்டுப்படியாகாது என்பது நிறுவனங்களின் வாதம். அந்தக் கணக்கில் முறிந்த காலை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வேலைக் காயம் என்றால் 'விகா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும். இதில் தப்பு யார் மேல் என்ற விசாரணை தேவையில்லை. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. முதலாளி எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸிலிருந்து மூன்று விதமாகப் பணம் வரும்.

முதலாவது ஆஸ்பத்திரிச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 சிங்கப்பூர் டாலர், அல்லது விபத்து நாளிலிருந்து ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அதுவரை. அதற்கு முன் நடந்தவற்றுக்கு 45,000. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசு மானியம் இல்லாத ஊரில் ஐசியூவும் இரண்டு மூன்று ஆபரேஷனும் இதை வேகமாகத் தின்றுவிடும். தீர்ந்துவிட்டால் குடும்பம் நிலத்தை விற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று பெர்மிட் விதியே சொல்கிறது. கம்பெனி ஆள் போன் செய்து "நீங்க கொஞ்சம் அனுப்புங்க" என்றால், உடனே நகையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைக் கேளுங்கள். பில் யார் பெயரில் போகிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டதா என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சம்பளம். வார்டில் படுத்திருக்கும் நாட்களுக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. இங்கே சம்பளம் என்றால் பேசிக் மட்டும் இல்லை, முந்தைய மாதங்களில் வாங்கிய ஓவர்டைமும் சேர்ந்த சராசரி. பல பேருக்கு பேசிக் கொஞ்சம்தான், வீட்டுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு ஓவர்டைமிலிருந்து வருவது. அதனால் பே ஸ்லிப் ஒவ்வொன்றும் காசு. ஊரில் மனைவியின் போனில் "இந்த மாசம் இவ்வளவு போட்டாங்க" என்று அவர் அனுப்பிய போட்டோ கிடந்தால் அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவதைத் தொழிலாளர்கள் 'பாயிண்ட்' என்பார்கள். காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்த பிறகு, வழக்கமாக ஆறு மாதம் கழித்து, உடலில் நிரந்தரமாக எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டர் கணக்கிடுவார். அந்தச் சதவீதம், வயதுக்கான எண், சராசரிச் சம்பளம் மூன்றையும் பெருக்கினால் இழப்பீடு. முழுமையாகச் செயலிழந்தவருக்கு 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்து என்றால் குறைந்தது 1,16,000 டாலர், அதிகபட்சம் 3,46,000. கை விரல் போன ஒருவரிடம் இன்னொருவர் "உனக்கு எத்தனை பாயிண்ட்?" என்று டீக்கடையில் சாதாரணமாகக் கேட்பார். முதல் முறை கேட்கிறவருக்கு என்னவோ போல இருக்கும்.

இந்த மூன்றும் தானாக வந்துவிடாது. முதலாளி பத்து நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தொழிலாளியே தெரிவிக்கலாம். இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஒரு வருட அவகாசம். ஊருக்குத் திரும்பிவிட்டாலும், பெர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் அந்த உரிமை போய்விடாது. இருந்தாலும் அங்கே இருந்துகொண்டு கேட்பதற்கும் ஆலங்குடியில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

வேலைக் காயம் இல்லை என்றால் வழி வேறு. ஒர்க் பெர்மிட்காரருக்கு முதலாளி எடுத்தாக வேண்டிய மருத்துவ இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 15,000 டாலராக இருந்தது, 2023 ஜூலையிலிருந்து 60,000 ஆக உயர்ந்தது. முதல் 15,000 முழுவதும் இன்ஷூரன்ஸ். அதற்கு மேல் கால் பங்கு முதலாளி கையிலிருந்து. இது வைத்தியத்துக்கு மட்டும். இழப்பீடு வேண்டுமென்றால் மோதிய வண்டிக்காரர்மீது வழக்குத் தொடர வேண்டும். அதற்கு மூன்று வருட அவகாசம், தப்பு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டும், வக்கீலும் வேண்டும். லாரி விபத்திலும் இந்த வழி சில சமயம் திறந்திருக்கும். ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது. எது லாபம் என்பதைப் படுக்கையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். வார்டுக்கே வந்து கார்டை நீட்டி "ஒரு கையெழுத்துப் போடு தம்பி" என்கிறவரிடம் நிச்சயமாகச் செய்யாதீர்கள். வக்கீலுக்கு ஆள் பிடிப்பது அங்கே சட்டப்படி தப்பு.

இப்போது அந்த ஐசியூ கட்டிலுக்கு வருவோம்.

ஊரில் உள்ளவர்களுக்கு முதல் பயம், "நாம் கையெழுத்துப் போடாமல் ஆபரேஷனை நிறுத்தி வைத்திருப்பார்களோ" என்பது. நிறுத்த மாட்டார்கள். நோயாளி பேசும் நிலையில் இல்லை, உயிர் போகும் அவசரம் என்றால், அவருக்கு எது நல்லதோ அதை டாக்டர்களே முடிவு செய்வார்கள். வீட்டாரிடம் கேட்பார்கள், விளக்குவார்கள். ஆனால் மனைவியின் கையெழுத்துக்காகக் கத்தி காத்திருக்காது.

இரண்டாவது பயம் 'கோமா'. தலையில் அடிபட்டவரைப் பல நாள் மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள். மூளை வீக்கம் குறையட்டும், செயற்கை சுவாசக் குழாயோடு போராடாமல் இருக்கட்டும் என்பதற்காக. ரூம்மேட் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு "கோமாவில் இருக்கார்" என்று ஊருக்குச் சொல்லிவிடுவார். அது வேறு, இது வேறு. டாக்டரிடம் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியவை: மருந்தால் தூங்குகிறாரா, தானாகவே எழவில்லையா? தலையில் ரத்தக்கட்டு உண்டா? கால் விரலை அசைக்கிறாரா? அடுத்து என்ன ஆபரேஷன்? தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் நர்ஸ் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. தகவலை வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் சொல்வார்கள். அது மனைவியா, அண்ணனா, மச்சானா என்று முதல் நாளே முடிவு செய்து அந்த நம்பரைக் கொடுத்துவிடுங்கள். நான்கு பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் நான்கு கதை வரும்.

நேரில் போக முடியுமா என்றால், திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்தான். விமானத்தைவிட பாஸ்போர்ட்டும் விசாவும்தான் தாமதம். கணவர் பத்து வருடமாக சிங்கப்பூரில் இருப்பார், மனைவிக்கு பாஸ்போர்ட்டே இருக்காது. தட்காலில் எடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு விசா கேட்க வேண்டும். போகாதவர்களும் குற்றவுணர்ச்சியில் வேக வேண்டாம். வார்டில் வீடியோ கால் போட்டுக் கொடுப்பார்கள்.

அவசரப் பிரிவில் சட்டையையும் பேண்ட்டையும் கத்தரியால் வெட்டிக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பையில்தான் ஒர்க் பெர்மிட் கார்டும் ஸ்கிரீன் நொறுங்கிய போனும் இருக்கும். போனுக்கும் பேங்குக்கும் பின் நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். சம்பளம் அவர் கணக்கில் விழும், அங்கேயே கிடக்கும். மாதம் பிறந்தால் ஊருக்கு வர வேண்டிய பணம் வராது, வட்டிக்காரர் வருவார். அவருக்கு நினைவு திரும்பாமலே போனால், அந்தப் பணத்தைத் தொட நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டியிருக்கும். நல்ல நாளிலேயே இரண்டு பேர் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இது. யார் பேசுகிறார்கள்?

ரூம்மேட்டிடம் இன்னும் சில வேலைகள் சொல்ல வேண்டும். லாரி நம்பரைக் குறித்துக்கொள். கூட வந்த எல்லோருடைய பெயரும் போனும் வாங்கி வை. விசாரிக்கும் போலீஸ் அதிகாரி பெயரைக் கேட்டு வை. ஆறு மாதத்தில் பாதிப் பேர் வேறு கம்பெனிக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள். அடிபட்டவருக்கு விபத்து நேரம் துளியும் நினைவில்லாமல் போகலாம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் மாதங்கள்தான் உண்மையில் நீளம். நடக்க முடியாது, வேலை இல்லை, கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்துவிடும். இழப்பீடு முடியும்வரை தங்க 'ஸ்பெஷல் பாஸ்' என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை பார்க்க முடியாது. இப்படி இருப்பவர்களுக்காக டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தன்னார்வ அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவின் கஃப் ரோடு திட்டத்தில் இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பாட்டை விட அங்கே கிடைக்கும் பேச்சு பெரியது. எந்தப் படிவம், எந்த அலுவலகம், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் பக்கத்துத் தட்டுக்காரருக்குத் தெரியும்.

நம் அரசு பக்கம் ஒரு குழப்பம் உண்டு. வளைகுடா போகிறவர்கள் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவை நம்பிச் சிலர் அலைகிறார்கள். அது குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கானது. மலேசியா அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. கையில் எதுவுமே இல்லாதவருக்குத் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, 2009-இல் தொடங்கியது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு கொடுத்து வைக்கலாம்.

கடைசியில் ஊர் திரும்பும் பயணம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். கிட்டத்தட்ட கொடைக்கானல். உடம்புக்குள் அடைபட்ட காற்று அங்கே விரியும். நுரையீரலைச் சுற்றியோ மண்டைக்குள்ளோ காற்று தங்கியிருந்தால் பறக்க விட மாட்டார்கள். புது மாவுக்கட்டுக்குள் கால் வீங்கும், அதனால் கட்டைப் பிளந்துவிட்டே ஏற்றுவார்கள். டாக்டர் நிரப்பிய மருத்துவப் படிவத்தை விமான நிறுவனம் முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். படுத்தே வர வேண்டியவர் என்றால் சாதாரண வகுப்பில் பல இருக்கைகளை மடக்கி அதன் மேல் ஸ்ட்ரெச்சர் கட்டுவார்கள். அத்தனை இருக்கைக்கும் காசு, கூடவே ஒரு டாக்டரோ நர்ஸோ. மலிவு விலை விமானங்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது என்பதால், திருச்சிக்காரர் சென்னையில் இறங்கி ஆம்புலன்ஸில் ஊர் போக வேண்டி வரலாம். இந்தச் செலவை யார் தருவது என்பதை டிக்கெட் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கிளம்பும் முன் பையைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் பதிந்த வட்டு, எலும்பில் வைத்த பிளேட் என்ன உலோகம் என்ற தாள். இவை இல்லாமல் வந்தால், தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்பார்.