காசில் முகம் பதித்த கைகள்!
ரோமாபுரி நாணயங்கள் உருவான கதை

அது ஒரு வெள்ளிக் காசு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எடை 4 கிராம்கூட இல்லை. அந்தச் சின்னஞ்சிறு வட்டத்துக்குள் ஒரு மனிதரின் முகம்!

ஒட்டிய கன்னம் தெரிகிறது. கழுத்தின் சுருக்கம் தெரிகிறது. தலையில் சூடிய இலை மாலையும் தெரிகிறது.

அவர்தான் ஜுலியஸ் சீசர்!

உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் போடுவது அதுவரை ரோம் நகர நாணயச்சாலையில் வழக்கம் இல்லை. தெய்வங்களின் முகங்களும், இறந்துபோன முன்னோர்களின் முகங்களும்தான் காசில் இருக்கும். கி.மு. 44-ல் அந்த வழக்கம் மாறியது. சீசரின் முகம் காசில் ஏறியது.

"இவர் மன்னராகப் பார்க்கிறார்" என்று எதிரிகள் கொதித்தார்கள். அதே ஆண்டு மார்ச் 15-ந் தேதி சீசர் குத்திக் கொல்லப்பட்டார்.

கொலையாளியின் முகமும்!

சீசரைக் குத்தியவர்களில் ஒருவர் புரூட்டஸ். ஒரே மனிதர் நாட்டை ஆளக்கூடாது என்று சொன்னவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? கி.மு. 42 வாக்கில், போர்ச் செலவுக்குக் காசு அடித்தபோது, தம் முகத்தையே அதில் போட்டுக்கொண்டார்! மறுபக்கத்தில் இரண்டு கத்திகள். நடுவே, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி. கீழே, கொலை நடந்த நாளின் பெயர்.

கி.மு. 42-லேயே போரில் தோற்று அவர் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் காசில் முகம் போடும் பழக்கம் சாகவில்லை. பின்னால் வந்த ரோம் சக்கரவர்த்திகள் எல்லோரும் அதைக் கைக்கொண்டார்கள்.

எல்லாம் தலைகீழ்!

புகைப்படம் இல்லாத காலம். மின்சாரம் இல்லாத காலம். இந்த முகத்தை எப்படிச் செய்தார்கள்?

முதலில் அச்சு வேண்டும். வெண்கலத்திலோ இரும்பிலோ அச்சுக்கட்டை செய்வார்கள். அதன் வழவழப்பான முகப்பில் கைவினைஞன் சிறு உளிகளால் உருவத்தைக் குடைவான்.

இங்கேதான் அவன் திறமை இருக்கிறது. ரப்பர் முத்திரையைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகள் இடம் வலமாக மாறி இருக்கும். அச்சும் அப்படித்தான். காசில் முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால், அச்சில் இடப்பக்கம் பார்க்கும்படி வெட்ட வேண்டும். சுற்றிலும் உள்ள எழுத்துகளையும் திருப்பி வெட்ட வேண்டும்.

மேடு பள்ளமும் தலைகீழ்தான். காசில் கன்னம் மேடாக வர வேண்டுமா? அச்சில் அந்த இடத்தைப் பள்ளமாகத் தோண்ட வேண்டும். ஒரு கீறல் தவறினால் சக்கரவர்த்தியின் மூக்கு கோணிவிடும்!

ஒரே அடி!

அச்சு தயார். அடுத்தது, சரியான எடையில் தங்கம் அல்லது வெள்ளி வில்லை.

முகம் வெட்டிய அச்சைப் பெரும்பாலும் பட்டறைக் கல்லில் பதித்துவிடுவார்கள். அதன் மேல் ஒருவன் வில்லையை வைப்பான். வில்லையின் மேல் மற்றோர் அச்சு. அதில் மறுபக்கத்து உருவம் இருக்கும். அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு!

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருவம் பதிந்துவிடும். சுத்தியல் அடி முழுவதும் மேல் அச்சின் தலையில்தான் விழும். அதனால் அது சீக்கிரம் தேயும். கீழே இருக்கும் முக அச்சு அதிக நாள் உழைக்கும்.

சில வேளை, அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால் வேடிக்கைதான். ஒரு பக்கம் முகம் மேடாகவும், மறு பக்கம் அதே முகம் பள்ளமாகவும் விழும்! அப்படிப்பட்ட தப்புக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. வேலை நடந்த முறைக்கு அவை சாட்சி.

கிழவரும் வாலிபர்!

காசில் இருப்பது உண்மையான முகமா? அது மன்னரின் விருப்பத்தைப் பொறுத்தது.

அகஸ்டஸ் சக்கரவர்த்தி கி.பி. 14-ல் இறந்தபோது அவருக்கு வயது 75. கடைசி வரை காசில் அவர் வாலிபர்தான்! வெஸ்பாசியன் அப்படி இல்லை. வழுக்கைத் தலை, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றோடும் காசில் தோன்றினார். நீரோ 16 வயதில் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய காசுகளை வரிசையாக வைத்தால், மெலிந்த சிறுவன் ஆண்டுக்கு ஆண்டு பருத்து, தடித்த கழுத்துக்காரராக மாறுவதைப் பார்க்கலாம்.

பத்திரிகை இல்லாத அந்தக் காலத்தில், தூரத்து ஊர்க் குடியானவனும் தன் மன்னரின் முகத்தைக் காசில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

தமிழகத்தில் விழுந்த வெட்டு

அந்தக் காசுகள் கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்தன. மிளகும் முத்தும் வாங்க வந்த பொன் அது. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு!

இனி இது காசு அல்ல, வெறும் தங்கம் என்று காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரோமாபுரியில் முகத்துக்கு மதிப்பு. இங்கே எடைக்கு மதிப்பு!

பெயர் இல்லை

முகத்தை வெட்டிய கைவினைஞர்கள் யார்? கி.பி. 115-ஆம் ஆண்டு ரோம் கல்வெட்டுகளில், நாணயச்சாலையில் உழைத்த முத்திரைக்காரர்கள், வில்லை வைப்பவர்கள், சுத்தியல்காரர்கள் ஆகியோர் பற்றிய குறிப்பு இருக்கிறது. அந்த நாணயச்சாலையில் வேலை செய்தவர்களில் பலர் அடிமைகள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள்.

காசைச் சுற்றி மன்னரின் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. அந்த முகத்தைச் செதுக்கியவனின் பெயர் மட்டும் இல்லை. ஆனால் 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மன்னர்களை நாம் அடையாளம் காண்கிறோம் என்றால், அதற்கு அவன் கைத்திறனும் ஒரு காரணம்!