பெய்லி பக்கம் யார் ஆடுவார்கள்?

2021 ஜனவரி 25 மாலை குடியரசு தின வீர விருதுப் பட்டியல் வெளியானது. கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிரிழந்த கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரரான ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா. மறுநாள் அதே கல்வானைக் களமாக வைத்து ‘ஃபௌ-ஜி’ என்ற கைபேசி விளையாட்டு சந்தைக்கு வந்தது. மோதல் நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. உலகப் போர் ‘கேம்’ ஆகப் பல ஆண்டுகள் பிடித்தது. கல்வானுக்கு அவ்வளவு பொறுமை யாரிடமும் இல்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில் நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌ-ஜி வரப்போவதாக அறிவித்தார். பெங்களூரின் என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் ‘பாரத் கே வீர்’ அறக்கட்டளைக்குப் போகும் என்றார்கள். முன்பதிவு திறந்த 24 மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. பப்ஜியைப் பறிகொடுத்த பையன்கள் அதற்குப் பதிலாக இன்னொரு பப்ஜி வரும் என்று காத்திருந்தார்கள்.

வந்த கேமில் துப்பாக்கியே கிடையாது. கைகலப்பு, தடி, ஆணி அடித்த கட்டை, அவ்வளவுதான். தயாரித்தவர்கள் சோம்பலில் விட்ட குறை என்று இதைச் சொல்ல முடியாது. அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக்கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் செய்துகொண்ட உடன்பாடு சொல்கிறது. 2020 ஜூன் 15 இரவு 20 இந்திய வீரர்கள் இறந்த மோதலில் உண்மையிலேயே தடியும் கல்லும் இரும்புக் கம்பியும்தான் ஆயுதம். ஆயுத விஷயத்தில் ஃபௌ-ஜி அளவுக்கு வரலாற்றுக்கு விசுவாசமாக இருந்த போர் கேமை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குக் கிடைத்த பரிசு ‘போர் அடிக்குது’ என்ற விமர்சனமும், பிளே ஸ்டோரில் சரிந்த நட்சத்திரங்களும்.

இதை வைத்து, உண்மையாக எடுத்தால் ஆட்டம் சலிக்கும், ஆட்டம் ருசிக்க வேண்டுமென்றால் பொய் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவது சுலபம். ஆனால் அந்தக் கேம் எதை உண்மையாக வைத்தது, எதை விட்டது என்று பார்த்தால் கதை வேறு. கல்வானில் நடந்தது கூட்டச் சண்டை. ஆற்றங்கரையில், இருட்டில், பக்கத்தில் நிற்பவனை நம்பி நின்ற மனிதர்களின் சண்டை. ஃபௌ-ஜியிலோ படையிலிருந்து பிரிந்துபோன ஒற்றை வீரன் எதிரே வருகிற எல்லோரையும் ஒவ்வொருவராக அடித்து வீழ்த்துவான். காயம்பட்டால் எரியும் நெருப்பின் அருகே உட்கார்ந்து தேறிக்கொள்வான். தடி உண்மை, மனிதர்கள் பொய். 2021 ஜூனில் பலர் சேர்ந்து ஆடும் ‘டீம் டெத்மேட்ச்’ சோதனைக்கு வந்தபோது அதில் துப்பாக்கி இருந்தது, கல்வான் இல்லை. ஆயுதத்தின் உண்மையும் கூட்டத்தின் உண்மையும் அந்தக் கேமில் ஒரு நாளும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

பலர் ஒன்றாக ஆடும் வரலாற்றுப் போர் கேம்களைப் பற்றிய சண்டை பெரும்பாலும் துப்பாக்கியிலேயே நின்றுவிடுகிறது. முதல் உலகப் போரைக் களமாக்கி 2016 அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ கேமில் பலரும் விரும்பி எடுத்த ஆயுதங்களில் ஒன்று ஹெல்ரீகல் 1915. ஆஸ்திரியாவில் சோதனைக்காகச் செய்த இயந்திரத் துப்பாக்கி அது. இன்று மிஞ்சியிருப்பவை சில பழைய புகைப்படங்கள் மட்டுமே. நிஜப் போர்முனையில் ஒரு சிப்பாய்கூடத் தொட்டிருக்க வாய்ப்பில்லாத துப்பாக்கியை 64 பேர் மோதும் களத்தில் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் ரைஃபிளை மட்டும் கொடுத்திருந்தால் இத்தனை பேர் வாங்கியிருப்பார்களா என்று நிறுவனம் கணக்குப் போட்டது. கணக்கு தப்பவில்லை.

இன்னொரு பக்கம் நுணுக்கப் பித்தர்கள். 2018 டிசம்பரில் ‘பேட்டில்ஃபீல்ட் 5’ தயாரிப்பாளர்கள் புதியவர்கள் சீக்கிரம் சாகாமல் இருக்கட்டும் என்று தோட்டாக்களின் வீரியத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் மாற்றம் வாபஸ். டாங்கியும் விமானமும் மோதும் ‘வார் தண்டர்’ ரசிகர் ஒருவர் 2021-இல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி கேமில் தப்பாக இருக்கிறது என்று வாதாடுவதற்காக, ராணுவக் கையேட்டின் பக்கங்களையே இணையத்தில் போட்டார். கேமைத் திருத்த ராணுவ ரகசியத்தை அவிழ்த்துவிட்ட அந்த ஆர்வத்தை என்னவென்று சொல்வது!

இந்தச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் பேசாத ஒரு பொய் கிடக்கிறது. அதைப் பார்க்க ஏர்பேடு வரை போய் வரலாம்.

ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவில் இருக்கும் ஏர்பேட்டை வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் ஒரு ரயில் நிலையமாகவும், மலையாள சுவாமிகளின் வியாசாசிரமம் உள்ள ஊராகவும்தான் அறிந்திருந்தார்கள். 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும் ஐசரும் நிரந்தர வளாகத்துக்கு இந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தன. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம் இது. அவர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நார்மண்டியிலும் ஸ்டாலின்கிராடிலும் இறங்கலாம். ஆனால் விடுதியிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியை நடுங்கவைத்த போர்க்களம் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் அருகே புள்ளலூர். ஆங்கிலேயர் ஏட்டில் பொள்ளிலூர். அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன் மகேந்திரவர்மப் பல்லவன் எதிரிகளை முறியடித்ததாகச் செப்பேடு சொல்வதும் இதே ஊரைத்தான்.

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெரும்படை கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. வடக்கேயிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஒரு படையோடு வந்து, தெற்கே நிற்கும் ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். ஆகஸ்ட் 25-ஆம் தேதி பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். அன்றே கடந்திருக்கலாம். வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. அக்கரை போய்ச் சேர செப்டம்பர் முதல் வாரம் ஆகிவிட்டது. அதற்குள் ஹைதரின் மகன் திப்பு வழிமறிக்க வந்துவிட்டார்.

செப்டம்பர் 10 காலை புள்ளலூரில் பெய்லியிடம் இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. எதிரே திப்புவும் ஹைதரும் சேர்ந்து பல மடங்கு. குதிரைப்படை ஒரு பக்கம், இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் ஒரு பக்கம். நடுவில் கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ நேரத்துக்கு வந்து சேரவில்லை. பெய்லி சரணடைந்தார், ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே 1782-இல் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதரும் கண்மூடினார். திப்பு வந்து சேரும்வரை சாவுச் செய்தியை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள்.

இதை அப்படியே கேம் ஆக்கினால் பெய்லி பக்கம் யார் ஆடுவார்கள்? பத்து நாள் ஆற்றுத் தண்ணீர் வடியக் காத்திருந்து, பிறகு பல மடங்கு எதிரியிடம் சிக்கி, வராத மன்றோவை எதிர்பார்த்துச் சாக எந்தப் பிள்ளை வரிசையில் நிற்கும்? நிஜத் தளபதி எவரும் சமமான சண்டையைத் தேடியதில்லை. எதிரி அசந்திருக்கும்போது, ஆள் குறைவாக இருக்கும்போது, ஆறு குறுக்கே ஓடும்போது அடிப்பதுதான் அவர் வேலை. கேமின் சர்வரோ 32-க்கு 32, 50-க்கு 50 என்று எண்ணி அனுப்புகிறது. திறமையில் ஒரு பக்கம் தாழ்ந்தால் ஆட்களை மாற்றியும் போடுகிறது. இரு தரப்பும் சமம் என்பதுதான் இந்த வகைக் கேமின் ஆதாரப் பொய். ஹெல்ரீகல் எல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறைப் பொய்கள்.

இந்த ஆதாரப் பொய்க்கு பேட்டில்ஃபீல்ட் 1-லேயே உதாரணம் உண்டு. அதில் ஃபாவ் கோட்டை என்றொரு களம். 1914 நவம்பர் 6 அன்று நிஜமான ஃபாவில் இறங்கியது இந்தியப் படையின் பூனா டிவிஷனைச் சேர்ந்த ஒரு பிரிகேட். மராட்டியரும் பஞ்சாபியரும் அதில் இருந்தார்கள். ‘ஒடின்’ என்ற கப்பல் சுட்டதில் கோட்டைப் பீரங்கிகள் அடங்கின. துருக்கியர் பின்வாங்கினார்கள். பெரிய சண்டை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கேமில் அதே கோட்டையை அங்குலம் அங்குலமாக முப்பது நாற்பது நிமிடம் பிடித்து இழுக்கலாம். இது பொய்தான், ஆனால் மன்னிக்கத் தக்க பொய். காலி செய்யப்பட்ட கோட்டைக்குள் நடந்து போவதை எவரும் ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

‘யார் ஆடுவார்கள்’ என்ற கேள்விக்கு அமெரிக்க ராணுவம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. ஆள் சேர்க்கும் விளம்பரமாக 2002 ஜூலை 4 அன்று அது இலவசமாக வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’ கேமில் இரண்டு அணியுமே தன் திரையில் தன்னை அமெரிக்க வீரனாகவும் எதிரணியைப் பகைவனாகவும் பார்த்தது. பெய்லி பக்கமே கிடையாது. இதே கேமில் மருத்துவ உதவியாளராக வேண்டுமென்றால் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேற வேண்டியிருந்தது வேடிக்கை. காயத்துக்குக் கட்டுப் போடுவதில் அவ்வளவு கறார், எதிரி யார் என்பதில் இவ்வளவு தாராளம்.

சமம் என்ற பொய்யை ஏற்றுக்கொண்டுவிட்டால், எந்த உண்மை ஆட்டத்துக்குள் தாக்குப்பிடிக்கும் என்று தேடலாம். சிப்பாய் தனியாளாக ஒன்றுமில்லை என்ற உண்மை தாக்குப்பிடிக்கிறது. 2021-இல் முழு வடிவம் பெற்ற ‘ஹெல் லெட் லூஸ்’ இதற்குச் சாட்சி. ஒரே தோட்டாவில் சாவு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நீங்கள் சுட்டது பட்டதா என்றும் திரை சொல்லாது. உங்கள் ஸ்குவாட் தலைவர் முன்னால் போய் முகாம் போடவில்லை என்றால் நீங்கள் வெகு தூரத்திலிருந்து ஓடி வர வேண்டும். லாரியில் சரக்கு கொண்டுவர ஒருவர் வேண்டும், அவருக்கு ஒரு ‘கில்’லும் கிடைக்காது. ஓடிக்கொண்டே இருந்தேன், செத்துவிட்டேன் என்று முதல் நாளிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். தங்கியவர்களைத் தங்கவைத்தது காதில் கேட்கும் குரல்கள்தான்.

நெப்போலியன் காலத்தை எடுத்துக்கொண்ட ‘ஹோல்ட்ஃபாஸ்ட்’ இன்னும் சுவாரசியம். அன்றைய மஸ்கட் துப்பாக்கியில் தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். குறியும் சரியாக இராது. அதனால்தான் வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டார்கள். கேமில் வரிசையில் நிற்க எந்தக் கட்டாயமும் இல்லை. பொதுச் சர்வரில் ஆளாளுக்கு ஓடுவார்கள். ஆனால் அதே ஆட்டக்காரர்கள் ‘ரெஜிமென்ட்’ என்று தாங்களே சங்கம் அமைத்து, நாள் குறித்துக் கூடி, வரிசையை விட்டு விலகிச் சுட்டால் தண்டனை என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொள்கிறார்கள். முரசடிக்க ஒருவர், குழல் ஊத ஒருவர். ஒரு குண்டும் சுடாமல் மாலை முழுக்க முரசடிப்பதற்கு ஆள் கிடைக்கிறது. நிஜம் போரடிக்கும் என்ற வாதத்துக்கு இந்த முரசுக்காரர் ஒருவரே போதுமான பதில்.

சமமின்மையையே ஆட்டமாக்கிய துணிச்சலும் உண்டு. 2013-இல் வந்த ‘ரைசிங் ஸ்டார்ம்’ பசிபிக் தீவுப் போரைக் காட்டியது. அமெரிக்கர் கையில் வேகமாகச் சுடும் துப்பாக்கியும் தீ உமிழியும். ஜப்பானியர் கையில் பெரும்பாலும் போல்ட் ரைஃபிள். ஜப்பானியருக்குத் துப்பாக்கியைக் கூட்டிக் கொடுத்துச் சமன் செய்ய அதைச் செய்தவர்கள் மறுத்தார்கள். பதிலாக, கூட்டமாகக் கத்திக்கொண்டு பாயும் ‘பன்சாய்’ தாக்குதலைக் கொடுத்தார்கள். பாய்பவர்கள் சேரச் சேர எதிரே நிற்பவரின் திரை நடுங்கும், குறி தவறும். துப்பாக்கி சமமில்லை, வாய்ப்பு ஏறக்குறைய சமம்.

புள்ளலூருக்கும் இது பொருந்தும். பெய்லி அணி ஜெயிக்க ஹைதரைத் தோற்கடிக்கத் தேவையில்லை என்று விதி எழுதலாம். இத்தனை நிமிடம் சதுர அணிவகுப்பு உடையாமல் நின்றால் வெற்றி. வெடிமருந்து வண்டியைக் காப்பாற்றினால் கூடுதல் புள்ளி. மன்றோவாக ஒருவர் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து, புறப்படுவதா வேண்டாமா என்று அரைகுறைச் செய்தியை வைத்து முடிவெடுக்கட்டும். கொசஸ்தலை ஆற்றை அன்றிரவே கடப்பதா என்பதை ஆட்டம் தொடங்குமுன் அணி ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும். ஏர்பேட்டு விடுதிகளில் நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இது ஒரு செமஸ்டர் வேலை. களத்தைப் போய்ப் பார்த்து அளந்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இந்தத் தொடரை வாசிப்பவர்களில் ஆடுகிறவர்களும் இருப்பீர்கள். பெய்லி பக்கம் ஆட உங்களை எந்த விதி இழுக்கும்? எழுதி அனுப்புங்கள், நல்ல யோசனைகளை வரும் வாரங்களில் பார்ப்போம்.